டொக்டர் அக்கா பதில்கள்: ‘கோட்டாவில போறதோ?’

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். ஏ.எல் என்கிற உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்துவிட்டது, பல்கலைக்கழகத்துக்கு எடுக்கும் ஆகக்குறைந்த புள்ளியான வெட்டுப்புள்ளி இன்னும் வரவில்லை. இந்த இடைக்காலத்தில் வன்னியில் பயோ படித்த பிள்ளை இருக்கிற எந்த வீட்டிலும் நித்திரை இல்லை. ஆகவே காய்ச்சல், சளி, முழங்கால் நோவு கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த முறை மருத்துவ பீடத்துக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் மட்டும்.

*

கேள்வி: நான் முல்லைத்தீவு மாவட்டம், துணுக்காய் வலயம். இரண்டாம் தரம் எடுத்து இரண்டு ஏ, ஒரு பி. போன வருட வெட்டுப்புள்ளியைப் பார்த்தால் எனக்கு மருத்துவம் கிடைக்கும் என்று சேர் சொல்கிறார். யாழ்ப்பாணத்தில் இருக்கும் மச்சாளுக்கு மூன்று ஏ வந்தும் சந்தேகமாம். ‘நீ கோட்டாவில போறாய்’ என்கிறா. மாமாவும் ‘புள்ளி குறைஞ்ச டொக்டரிட்ட ஆர் மருந்தெடுப்பினம்’ என்று ஒரு சாமத்திய வீட்டில் எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டார். விண்ணப்பத்தில் மருத்துவத்தை முதலாவதாகப் போடக் கை வரவில்லை. வேறு ஏதாவது போடட்டோ அக்கா?
(பெயர் வேண்டாம், மல்லாவி)

பதில்: தங்கச்சி, மருத்துவத்தை முதலாவதாகப் போடுங்கள். இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது விண்ணப்ப முடிவுத் திகதி நெருங்கியிருக்கக்கூடும் என்பதால் முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். காரணங்களை ஆறுதலாக வாசியுங்கள்.

மச்சாள் சொல்கிற ‘கோட்டா’ என்ன என்று முதலில் பார்ப்போம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒரு கற்கைநெறிக்கு உள்ள இடங்களை மூன்றாகப் பிரிக்கிறது. 40 வீதம் அகில இலங்கைத் திறமை. 55 வீதம் மாவட்டத் திறமை. இதை 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படி பகிர்கிறார்கள். மிச்சம் 5 வீதம் கல்வி வாய்ப்புக் குறைந்த மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கொடுப்பது. அந்தப் பட்டியலில் 16 மாவட்டங்கள். முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் நான்கும் இருக்கின்றன. அநுராதபுரம், பதுளை, மொனராகலை, அம்பாந்தோட்டை, இரத்தினபுரியும் இருக்கின்றன. உங்கள் மச்சாளின் யாழ்ப்பாணமும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. அவவுக்குக் கிடைத்தால் அதுவும் அந்த 5 வீதத்தில் கிடைத்ததாக இருக்கலாம். இதை அவவோடு சண்டை பிடிப்பதற்காகச் சொல்லவில்லை, தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த 55 வீதத்தையும் யோசியுங்கள். கொழும்பு மாவட்டத்துக்கும் அதில் பங்கு உண்டு. கொழும்பிலிருந்து மாவட்டத் திறமையில் போகிற பிள்ளையை யாரும் ‘கோட்டா’ என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மல்லாவிப் பிள்ளைக்கு மட்டும் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

வந்த வழி எனக்குத் தெரியும். அது ஒரு காயத்திலிருந்து வந்தது, அதனால் மாமாவோடு கோபிக்காதீர்கள். 1971 அனுமதியில் மருத்துவத்துக்குச் சிங்கள மொழி மூல மாணவருக்கு 229 புள்ளி போதும், தமிழ் மொழி மூல மாணவருக்கு 250 வேண்டும் என்று வைத்தார்கள். அந்த 21 புள்ளிக்குள் எத்தனை பேரின் வாழ்க்கை விழுந்து போனது என்று அந்தத் தலைமுறை இன்றும் எண்ணுகிறது. பிறகு 1974 இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. யாழ்ப்பாணத்துக்கு அது இரண்டாவது அடி. இந்த முறைகளைத்தான் தரப்படுத்தல் என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே வயது போனவர்களுக்கு முகம் மாறுவது அதனால்தான். அந்தக் கோபம் நியாயமானது, அதை நான் எங்கேயும் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அதே மாவட்ட ஒதுக்கீடுதான் வன்னிக் காட்டுக்குள் இருந்த பள்ளிக்கூடங்களுக்குப் பல்கலைக்கழகக் கதவைத் திறந்தது. ஒரே சட்டம் ஒரு வீட்டில் கதவை அடைத்தது, இன்னொரு வீட்டில் திறந்தது. இரண்டும் தமிழ் வீடுகள். இதைப் பற்றி எங்களுக்குள் நேராகப் பேசிக்கொள்ளாதபடியால்தான் அது ஐம்பது வருடம் கழித்துச் சாமத்திய வீட்டில் ஒரு பிள்ளையின் தலையில் வந்து விழுகிறது.

இனிக் கணக்கு. சும்மா கணக்குக்காக நாடு முழுவதும் மருத்துவத்துக்கு 1000 இடம் என்று வைப்போம். 2012 குடிசன மதிப்பீட்டில் முல்லைத்தீவில் 92,238 பேர். நாட்டில் 2 கோடியே 3 இலட்சத்துக்கு மேல். 55 வீதம் என்றால் 550 இடம். அதில் எங்கள் மாவட்டத்துப் பங்கு இரண்டரை. 5 வீதம் என்றால் 50 இடம். 16 மாவட்டங்களின் சனத்தொகையில் எங்கள் பங்கு நூற்றுக்கு ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே. ஆகவே அரை இடம். இரண்டரையும் அரையும் மூன்று. ஆயிரத்தில் மூன்று, தங்கச்சி. வன்னியின் நான்கு மாவட்டங்களையும் சேர்த்தாலும் அந்த மதிப்பீட்டில் 4 இலட்சத்து 77 ஆயிரம் பேர்தான்; யாழ்ப்பாண மாவட்டம் ஒன்றைவிடக் குறைவு. ஊரில் பேசுகிறதைக் கேட்டால் வன்னிப் பிள்ளைகளுக்கு அள்ளிக் கொடுக்கிறார்கள் என்று தோன்றும். கொடுக்கிறது இவ்வளவுதான். அந்த மூன்றுக்குள் வருவதற்கு நீங்கள் மாவட்டத்தின் பயோ பிள்ளைகள் கிட்டத்தட்ட எல்லாரையும் தாண்டி வந்திருக்கிறீர்கள்.

மாமா கேட்டதற்கும் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் கேட்டது அவமரியாதையாக இருந்தாலும் கேள்வி முக்கியமானது. கோட்டா மருத்துவ பீடத்தின் படலையோடு முடிந்துவிடுகிறது. உள்ளே போனால் எல்லாருக்கும் ஒரே வினாத்தாள், ஒரே சித்திப் புள்ளி, ஒரே இறுதிப் பரீட்சை. முல்லைத்தீவுக்கு என்று இரண்டு புள்ளி கூட்டிப் போடுவதில்லை. ஐந்து வருடம் அப்படி. பிறகு ஒரு வருடம் உள்ளகப் பயிற்சி, அதிலும் மேற்பார்வை. இவ்வளவையும் தாண்டாமல் மருத்துவ சபையில் முழுப் பதிவு கிடையாது.

நான் அந்தப் படலையால் போனவள். எங்கள் ஊர் ஒட்டுசுட்டான் பக்கம். 2009 ஆகஸ்டில் செட்டிகுளத்து முகாமில் இருந்து முதல் தரம் ஏ.எல் எழுதினேன். புத்தகம் எல்லாம் இடம்பெயர்ந்த வழியில் போய்விட்டது. இரசாயனவியல் குறிப்புக் கொப்பி ஒன்று மட்டும் அம்மாவின் உடுப்புப் பையில் தப்பியிருந்தது. மூன்று பாடமும் எஸ், ஆகக்குறைந்த சித்தி. அடுத்த வருடம் ஊருக்குத் திரும்பி, தறப்பாள் கட்டிய வகுப்பறையில் இருந்து படித்து இரண்டாம் தரம் எழுதினேன். பௌதிகவியல் சேர் முள்ளியவளையிலிருந்து சைக்கிளில் வருவார். மழைக்காலத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டும் வந்திருக்கிறார். கொழும்பில் அதே வருடம் அதே வினாத்தாளை எழுதிய பிள்ளைக்கும் எனக்கும், அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளியில் இருந்த இடைவெளி எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அந்த இடைவெளிக்குள் என்னென்ன இருந்தது என்பதும் தெரியும்.

முதலாம் வருடம் நான் பெயிலானேன். இதை மறைத்துவிட்டு உங்களுக்கு எழுதினால் பொய்யாகிவிடும். உடற்கூற்றியல் வாய்மொழிப் பரீட்சை. நீண்ட மேசை, பச்சைத் துணி, அதில் எலும்புகள். பரீட்சகர் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். தொட்டவுடனே தெரிந்துவிட்டது, முன்னங்கையின் சின்னவிரல் பக்கத்து எலும்பு. ‘அரந்தி’ என்று நாக்கு நுனியில் நிற்கிறது. ஏ.எல்லில் அரந்தி, ஆரை, புய என்பு, தொடை என்பு என்று கரைத்துக் குடித்தவள் நான். ஆனால் அவருக்கு வேண்டியது ‘அல்னா’. அது வரவே இல்லை. எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். மேல்முனையில் அந்தக் கொக்கி மாதிரி வளைவுக்குள் என் பெருவிரல் போய் இருந்தது இன்றைக்கும் நினைவிருக்கிறது. அவர் அடுத்த எலும்பை எடுத்தார். வெளியே வந்தபோது நடைபாதையில் ஒருவர் மற்றவரிடம், ‘அது பின்தங்கிய மாவட்டம்’ என்றார். ‘அது’ என்றது என்னைத்தான்.

அன்றிரவு ஒற்றைக்கோட்டுக் கொப்பி ஒன்றில் மூன்று நிரல் கோடு போட்டேன். முதலாவதில் ஏ.எல் தமிழ்ச் சொல், இரண்டாவதில் ஆங்கிலச் சொல், மூன்றாவதில் அதைச் சொல்ல வேண்டிய ஒலி தமிழில். விடுதியில் என்னோடு இருந்த புத்தளத்துப் பிள்ளை ஒன்று இரவில் நித்திரைக்குப் போகுமுன் இருபது சொல் கேட்கும். தவறினால் மீண்டும் கேட்கும். மறுபரீட்சையில் சித்தி. அதற்குப் பிறகு ஒரு பாடத்திலும் விழவில்லை. எனக்குக் குறைவாக இருந்தது அறிவில்லை, ஆங்கிலம்தான். தங்கச்சி, அனுமதி கிடைக்கும்வரை உள்ள மாதங்களை வீட்டில் சும்மா இருந்து கழிக்காதீர்கள். இன்றைக்கே அந்தக் கொப்பியைத் தொடங்குங்கள். ஒரு நாளைக்குப் பத்துச் சொல் போதும்.

‘ஆர் மருந்தெடுப்பினம்’ என்பதற்கும் ஒரு இரவைச் சொல்கிறேன். போன காலபோக அறுவடை நேரம். இரவு பத்து மணிக்கு உழவு இயந்திரப் பெட்டியில் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். வலது கால் கணுக்காலுக்கு மேலேவரை வீக்கம். ‘முத்திரைப் புடையன் பிள்ளை, கண்ணால கண்டனான்’ என்றார். கடும் விஷப் பாம்பு அது. இரண்டு மில்லிலீற்றர் இரத்தம் எடுத்துச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் நிமிர்த்தி வைக்க வேண்டும். பிறகு ஒருமுறை சரித்துப் பார்க்க வேண்டும். உறைந்திருந்தால் நல்லது. தண்ணீர் மாதிரி ஓடினால் விஷம் இரத்தத்தில் வேலையைத் தொடங்கிவிட்டது. அந்த 20 நிமிடமும் அவருடைய மனிசி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றா. ‘பிள்ளை எந்த ஊர்?’ ‘ஒட்டுசுட்டான், அம்மா.’ ‘ஆற்ர பிள்ளை?’ அப்பாவின் பெயரைச் சொன்னேன். ‘முத்தையன்கட்டு வாய்க்காலில எங்களோட தண்ணி மாறினவர்’ என்றா. பிறகுதான் கட்டிலில் இருந்தா. குழாயைச் சரித்தேன், ஓடியது. விஷமுறி ஏற்றத் தொடங்கினோம். விடியப்புறம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அம்புலன்ஸில் ஏற்றும்போது மனிதர் என்னிடம் கேட்டது, மிச்சம் கிடக்கிற நெல்லை யார் வெட்டுவது என்று.

இன்னும் ஒரு முக்கியமான விஷயம். 5 வீதத்துக்கென்று தனி விண்ணப்பம் இல்லை. எல்லாருக்கும் ஒரே விண்ணப்பம்தான், உங்கள் பாடசாலை இருக்கும் மாவட்டத்தை வைத்து அவர்களே பார்ப்பார்கள். ஆகவே விருப்பத் தெரிவு ஒழுங்குதான் உங்கள் கையில் இருப்பது. எங்கள் பிள்ளைகள் விடுகிற பெரிய பிழை, ‘மருத்துவம், யாழ்ப்பாணம்’ என்று ஒன்றை மட்டும் போட்டுவிட்டு அடுத்ததாக வேறு கற்கைநெறிக்குப் போய்விடுவது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்து மருத்துவத்துக்கும் தனித்தனிக் குறியீடு இருக்கிறது, வெட்டுப்புள்ளியும் தனித்தனி. யாழ்ப்பாணம், மட்டக்களப்பில் உள்ள கிழக்கு, பேராதனை, கொழும்பு, களனி, ஜயவர்தனபுர, ருகுண, ரஜரட்ட, இன்னும் ஆணைக்குழுவின் விண்ணப்பக் கைநூலில் உள்ள மருத்துவக் குறியீடு அத்தனையையும் நீங்கள் விரும்பும் ஒழுங்கில் முதலில் போட்டு முடியுங்கள். தூரம் என்று ஒன்றை விட்டால், அந்த இடத்தில் உங்களைப் பார்க்கவே மாட்டார்கள்.

*

கேள்வி: மகன் யாழ்ப்பாணத்தில் பெயர்பெற்ற கல்லூரியில் படிக்கிறார். இப்போது தரம் 11. வவுனியாவில் சகோதரி வீடு இருக்கிறது. ஓ.எல் (சாதாரணதரப் பரீட்சை) முடிய அங்கே ஒரு பாடசாலையில் பெயரைப் பதிந்துவிட்டு, வகுப்புகளை யாழ்ப்பாணத்திலேயே தொடர்ந்தால் வவுனியா மாவட்டத்தில் விண்ணப்பிக்கலாமா? பலர் செய்கிறார்கள் என்கிறார்கள்.
(ஒரு தந்தை, வடமராட்சி)

பதில்: ஐயா, வேண்டாம்.

சட்டத்தை முதலில் சொல்கிறேன். பரீட்சைக்கு முன்னான மூன்று ஆண்டுக் காலத்தில் பிள்ளை எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தார் என்பதை வைத்துத்தான் மாவட்டத்தைத் தீர்மானிக்கிறார்கள். ஓ.எல் முடிந்த பிறகு வந்தால் அந்தக் கணக்கு இலேசில் ஒத்துவராது. பொய் ஆவணம் கொடுத்தது பின்னர் தெரியவந்தால், படித்துக்கொண்டிருக்கும்போதும் அனுமதியை இரத்துச் செய்யலாம். மூன்றாம் வருடத்தில் அப்படி ஒரு கடிதம் வந்தால் உங்கள் மகன் எங்கே நிற்பார்?

சட்டத்துக்கு அப்பால் ஒன்று. மேலே மல்லாவித் தங்கச்சிக்குச் சொன்ன கணக்கை ஒருமுறை பாருங்கள். வவுனியா முல்லைத்தீவைவிடப் பெரிது, 2012 இல் 1 இலட்சத்து 72 ஆயிரம் பேர். அதற்கும் அதே கணக்கில் ஐந்தாறு இடம்தான் வரும். அதில் ஒன்றை, வருடம் முழுவதும் யாழ்ப்பாணத்தில் மிகச் சிறந்த ஆசிரியர்களிடம் படித்துவிட்டு பேருக்கு மட்டும் வவுனியாவில் இருக்கும் பிள்ளை எடுத்தால், இன்னொரு வீட்டில் ஒரு பிள்ளை இல்லாமல் போகிறது. செட்டிகுளத்திலோ நெடுங்கேணியிலோ, பௌதிகவியலுக்கு வாத்தியார் இல்லாமல் யூடியூப்பில் பார்த்துப் படித்த பிள்ளை. அந்தப் பிள்ளையின் தகப்பனும் உங்களை மாதிரித்தான் இரவில் முழித்துக்கொண்டு படுத்திருப்பார்.

உண்மையாகவே குடிபெயர்ந்து வருகிறீர்கள் என்றால் அது வேறு. வாருங்கள், மகனை இங்கே படிக்க விடுங்கள், இங்கத்தைப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருக்கட்டும். எங்கள் பாடசாலைகளுக்கும் அது நல்லது.

இந்தச் சட்டம் எல்லாருக்கும் நீதி செய்கிறது என்றும் சொல்ல மாட்டேன். போரில் முல்லைத்தீவை விட்டுப் போய் யாழ்ப்பாணத்தில் வாடகை வீட்டில் தங்கிவிட்ட குடும்பங்கள் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளைப் பாடசாலையை வைத்து யாழ்ப்பாணம் என்றுதான் கணக்கெடுப்பார்கள். எனக்கு அதில் மனவருத்தம் உண்டு. அதைத் திருத்தக் கேட்க வேண்டும். ஆனால் உங்கள் கேள்விக்கும் அதற்கும் தொடர்பில்லை.

*

கேள்வி: இரண்டாம் தரமும் எழுதி, மருத்துவத்துக்குக் கொஞ்சம் குறைகிறது. விவசாயம் கிடைக்கும்போல இருக்கிறது. மூன்றாம் தரம் எழுதவோ? வீட்டில் அம்மாவும் நானும் தங்கச்சியும். அம்மா தோட்ட வேலைக்குப் போறா.
(புதுக்குடியிருப்பு)

பதில்: தம்பி, மூன்று தரம்தான். நான்காவது எழுதினால் பல்கலைக்கழகத்துக்கு எடுக்க மாட்டார்கள். அது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெட்டுப்புள்ளி வருடத்துக்கு வருடம் மாறும் என்பதும் தெரிந்திருக்கும். இசட் புள்ளி என்பது உங்கள் புள்ளி மட்டுமில்லை. அந்தப் பாடத்தை அந்த வருடம் எழுதிய எல்லாருடைய சராசரியிலிருந்தும் நீங்கள் எவ்வளவு மேலே நிற்கிறீர்கள் என்ற கணக்கு. நீங்கள் ஏறினாலும் எல்லாரும் ஏறினால் நிற்கிற இடம் அதேதான்.

ஆகவே உங்கள் மூன்று பாடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பாடம் மட்டும் கீழே இழுக்கிறதா, அல்லது மூன்றும் ஒரே மட்டமா? ஒன்று மட்டும் என்றால், அதுவும் முதல் தரத்துக்கும் இரண்டாம் தரத்துக்கும் இடையில் ஏறியிருந்தால், இன்னொரு வருடத்துக்குக் காரணம் இருக்கிறது. மூன்றும் முதல் தரத்தில் நின்ற இடத்திலேயே நிற்கிறது என்றால், மூன்றாம் தரம் எழுத வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். அம்மாவின் ஒரு வருடமும் அதற்குள் இருக்கிறது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் அறிவியல்நகரில், உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரத்தில் இருக்கிறது. உடல்நலத்துறைதான் மனதில் இருக்கிறதென்றால் தாதியியல், மருந்தாக்கவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் மூன்றையும் யாழ்ப்பாணத்தில் பட்டமாகப் படிக்கலாம். சித்த மருத்துவமும் உண்டு. நான் வேலை செய்யும் இடத்தில் ஆய்வுகூடத்து அண்ணை ஒருநாள் லீவு எடுத்தால் நாங்கள் எல்லாரும் கண்ணைக் கட்டினமாதிரி நிற்போம்.

எதையும் பதிவதற்கு முன், ஏற்கெனவே ஒரு கற்கைநெறிக்குப் பதிந்தவர்கள் பற்றிக் கைநூலில் உள்ள பகுதியை இரண்டு தரம் வாசியுங்கள். ஆறுதலாக, பென்சிலால் கோடு போட்டு. ‘பதிஞ்சிட்டுப் பிறகு பாப்பம்’ என்று யாரும் சொன்னால் கேட்க வேண்டாம்.

*

கேள்வி: தமிழ்நாட்டு முகாமில் பிறந்து அங்கேயே பிளஸ் டூ முடித்து, இப்போது குடும்பத்தோடு மன்னாருக்குத் திரும்பியிருக்கிறேன். மாவட்ட ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கலாமா?
(மன்னார்)

பதில்: அந்த வழியால் முடியாது, தம்பி. மாவட்டத் திறமையும் 5 வீதமும் இங்கே ஏ.எல் எழுதியவர்களுக்குத்தான். வெளிநாட்டுப் பரீட்சையில் சித்தியடைந்த இலங்கையருக்கென்று விசேட அனுமதி தனியாக இருக்கிறது. அதற்கு அறிவித்தலும் விண்ணப்பமும் தனி, இடம் மிகக் குறைவு. ஆணைக்குழுவின் அறிவித்தல்களைக் கவனித்துக்கொண்டிருங்கள். அதற்கு முன் குடியுரிமைப் பத்திரம், பிறப்புப் பதிவு, மதிப்பெண் சான்றிதழ் மூன்றையும் ஒழுங்காக்கி வையுங்கள். முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கு இந்த முதல் இரண்டும்தான் மாதக்கணக்கில் இழுக்கிறது. பிரதேச செயலகத்துக்கு நாளைக்கே போங்கள். வயது இருக்கிறதென்றால் இங்கே ஏ.எல் எழுதுவதையும் யோசியுங்கள், தமிழிலேயே எழுதலாம்.

*

கேள்வி: மகளுக்கு இங்கே கிடைக்கவில்லை. குளத்துக்குக் கீழே மூன்று ஏக்கர் வயல் இருக்கிறது, விற்று வெளிநாட்டில் மருத்துவம் படிப்பிக்கலாம் என்று ஒரு முகவர் சொல்கிறார். என்ன செய்ய?
(ஒரு தகப்பன், கிளிநொச்சி மாவட்டம்)

பதில்: அண்ணை, விற்க முதல் மூன்றைப் பாருங்கள். மகளின் ஏ.எல் பெறுபேறு இலங்கை மருத்துவ சபை கேட்கும் ஆகக்குறைந்த தகுதிக்கு வருகிறதா? அந்தப் பல்கலைக்கழகம் சபை அங்கீகரித்த பட்டியலில் இருக்கிறதா? இதை முகவரின் கடதாசியில் பார்க்காமல் சபையிடமே நேரே உறுதிப்படுத்துங்கள். மூன்றாவது, படித்துவிட்டு வந்ததும் வேலை செய்ய முடியாது. இங்கே ஒரு தகுதிப் பரீட்சை எழுத வேண்டும், ‘ஈ.ஆர்.பி.எம்’ என்பார்கள். அது இலேசான பரீட்சை இல்லை. அதற்கும் பிறகுதான் உள்ளகப் பயிற்சி. அவ்வளவு காலமும் வயலும் இல்லை, வருமானமும் இல்லை.

முதல் இரண்டில் ஒன்றுக்காவது ‘இல்லை’ என்று பதில் வந்தால் வயலில் கை வைக்காதீர்கள். தண்ணீர் வாய்க்கால் உள்ள வயலை இன்றைக்கு விற்றால் திரும்ப வாங்க ஏலாது. மகளிடமும் நேரே கேளுங்கள், அவ உண்மையாக இதைத்தான் விரும்புகிறாவா என்று. உங்கள் கடிதத்தில் முகவர் சொன்னது இருக்கிறது, நீங்கள் சொன்னது இருக்கிறது. மகள் சொன்னது ஒரு வரிகூட இல்லை.

*

கேள்வி: போன வருடம் எழுதிய மகளுக்கு மருத்துவ பீடம் கிடைத்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் கம்பஸ் போற முதல் பிள்ளை. நாங்கள் மலையகத்திலிருந்து 77 கலவரத்தோடு வந்து குடியேறினவர்கள். என்ன வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்றுகூட எங்களுக்குத் தெரியாது.
(ஒரு தாய், கிளிநொச்சி)

பதில்: அம்மா, இந்தக் கடிதத்தை விடுதி அறையில் என்னோடு இருக்கும் தாதி அக்காவுக்கும் வாசித்துக் காட்டினேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை.

வெள்ளைக் கோட்டை இப்போது தைக்க வேண்டாம். கையும் நீளமும் எப்படி இருக்க வேண்டும் என்று அங்கே சொல்வார்கள், அதன் பிறகு இரண்டு தையுங்கள். ஒன்று தோய்த்துக் காயும்போது மற்றது வேண்டும். உடற்கூற்று மண்டபத்தில் போடுகிற கோட்டில் ஃபோர்மலின் மணம் ஏறினால் போகாது; அதை மற்ற உடுப்போடு சேர்த்துத் தோய்க்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். புதுப் புத்தகம் ஒன்றும் வாங்காதீர்கள். மூத்த மாணவர்கள் கொடுப்பார்கள், பாதி விலைக்கும் விற்பார்கள். எலும்பு செட்டும் அப்படித்தான் கை மாறிக் கை மாறி வரும். ஆங்கில–தமிழ் அகராதி ஒன்று, தடித்த ஒற்றைக்கோட்டுக் கொப்பி இரண்டு. மகாபொல, பேர்சரி இரண்டு உதவிப்பணத்துக்கும் குடும்ப வருமானச் சான்றிதழ் வேண்டிவரும். கிராம அலுவலரிடம் எடுத்து, பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்தி, நாலைந்து பிரதி எடுத்து வையுங்கள். வங்கிக் கணக்கு மகளின் பெயரில் இருக்க வேண்டும்.

முதல் கிழமை விடுதிச் சாப்பாடு இறங்காது. ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள உங்கள் வீட்டில் இடிக்கிற சம்பல் தூள் எது என்று மகளுக்குத் தெரியும், அதில் ஒரு போத்தல். வறுத்து இடித்த மிளகாய்த்தூள் அரைக்கிலோ. இரண்டையும் தனித்தனியாக, இரட்டைப் பையில் இறுக்கிக் கட்டி, உடுப்புப் பைக்குள் வைக்காமல் கையிலே கொடுத்துவிடுங்கள். பஸ் முறிகண்டியில் நிற்கும்போது மூடியை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.